எஃப் 1.4இல் கண் தப்பாமல்: பழைய கமராவில் போகஸ் பிடிக்கும் முறை

50 மில்லிமீற்றர் லென்ஸின் துவாரத்தை எஃப் 1.4க்குத் (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது) திறந்துகொண்டு, ஒரு மீற்றர் தள்ளி இருப்பவரின் முகத்தைப் படம் பிடிக்கிறீர்கள் என்று வையுங்கள். முன்னும் பின்னுமாகச் சேர்த்துக் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர். கண்ணில் போகஸ் இருந்தால் காதில் இராது. அரை மீற்றருக்குக் கிட்டப் போனால் அந்த ஆழம் 8 மில்லிமீற்றருக்குள் சுருங்கிவிடும். 2 மீற்றரில் 13 சென்ரிமீற்றர், 3 மீற்றரில் 30 சென்ரிமீற்றர் என்று தூரம் கூடக்கூட இடம் தாராளமாகும். 85 மில்லிமீற்றர் எஃப் 1.8 வைத்திருப்பவருக்கு நிலைமை இன்னும் இறுக்கம். ஒரு மீற்றரில் ஒன்றரைச் சென்ரிமீற்றர்கூடக் கிடைக்காது.

இவை 35 மில்லிமீற்றர் பிலிமிலிருந்து சாதாரண அளவில் அச்சடித்துப் பார்க்கும் படத்துக்கான கணக்கு. ஸ்கான் செய்து கணினித் திரையில் பெருப்பித்துப் பார்ப்பவர் இதிலும் குறைத்துத்தான் எண்ண வேண்டும்.

அப்பாவின் அலுமாரியிலிருந்து ஒரு கமரா கைக்கு வந்திருக்கலாம், இணையத்தில் பார்த்து வாங்கியிருக்கலாம். முதல் ரோலைக் கழுவிப் பார்த்ததும் முகங்கள் எல்லாம் பஞ்சாக இருந்தால் லென்ஸைத்தான் முதலில் சந்தேகிக்கத் தோன்றும். அடுத்து கண்ணை. இரண்டும் சில வேளைகளில் உண்மைதான், அவற்றைச் சோதிக்கும் வழியைக் கீழே சொல்கிறேன். ஆனால் பெரும்பாலான படங்கள் கெடுவது, போகஸ் பிடித்த நொடிக்கும் ஷட்டரை அழுத்திய நொடிக்கும் இடையில் நீங்களோ எதிரில் இருப்பவரோ ஆடிய 2 சென்ரிமீற்றரால். லென்ஸின் போகஸ் வளையத்தைத் திருப்பக் கற்பது ஒரு பின்னேர வேலை. உடம்பை அடக்கக் கற்பதுதான் மிச்சம் எல்லாம்.

வியூபைண்டருக்குள் என்ன இருக்கிறது

கமராவை எடுத்து வெள்ளைச் சுவரைப் பாருங்கள். நடுவில் ஒரு வட்டம், அதைக் குறுக்கே வெட்டும் ஒரு கோடு தெரிந்தால் அது ஸ்பிளிட் இமேஜ். அதைச் சுற்றி மினுமினுக்கும் வளையம் இருந்தால் அது மைக்ரோபிரிசம். கனன் ஏஇ-1, நிக்கோன் எஃப்எம்2 போன்றவற்றில் இரண்டும் உண்டு. பென்டக்ஸ் கே1000இல் பெரும்பாலும் மைக்ரோபிரிசம் மட்டும். பழைய செனித்-ஈ வைத்திருப்பவருக்கு வெறும் மங்கல் கண்ணாடிதான் கிடைத்திருக்கும். அதற்காக மனம் சோர வேண்டாம், அதிலும் நல்ல போகஸ் பிடிக்கலாம்.

ஸ்பிளிட் இமேஜ் என்பது எதிரெதிர்ப் பக்கமாகச் சரிந்த இரண்டு சிறிய பிரிசங்கள். போகஸ் தப்பியிருந்தால் மேல் பாதிப் படம் ஒரு பக்கம் நகரும், கீழ்ப் பாதி மறுபக்கம் நகரும். இரண்டும் ஒன்றுசேரும் இடம்தான் போகஸ். வெட்டுக்கோடு கிடையாக இருக்கிறபடியால், அதைக் குறுக்கே கடக்கும் நிமிர்ந்த விளிம்பு உங்களுக்கு வேண்டும். பனைமரத்தின் உடல், கோயில் கொடிமரம், கதவு நிலை எல்லாம் அருமையாக உடைந்து அருமையாகச் சேரும். கடலின் அடிவானத்தில் அது வேலை செய்யாது. கோட்டுக்குச் சமாந்தரமாக ஓடும் எதையும் அது உடைத்துக் காட்டாது. அப்படியான இடத்தில் கமராவைச் சரித்துப் பிடித்துப் போகஸ் செய்துவிட்டு, பிறகு நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

கரையில் காயப் போட்டிருக்கும் வலை இன்னொரு பொறி. ஒரே அளவில் அடுக்கடுக்காக வரும் கண்ணிகளில், மேல் பாதியின் ஒரு கண்ணி கீழ்ப் பாதியின் பக்கத்துக் கண்ணியோடு சேர்ந்துகொண்டு, சரியாகப் பொருந்தியதுபோலக் காட்டும். போகஸ் தப்பியிருக்கும். வலையின் விளிம்புக் கயிற்றையோ ஒரு மிதப்பையோ பார்த்துப் பிடியுங்கள்.

மைக்ரோபிரிசத்தில் விளிம்பு தேட வேண்டியதில்லை. போகஸ் தப்பிய இடம் நொறுங்கி மினுங்கும், சேர்ந்த இடத்தில் மினுக்கம் நின்றுவிடும். துணி நெசவு, தலைமயிர், பாறை போன்றவற்றுக்கு இதுவே நல்லது.

மிச்சமுள்ள மங்கல் பரப்பைப் பற்றி ஒரு விடயம் தெரிந்திருக்க வேண்டும், இதைப் பலர் சொல்வதில்லை. 1970களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்த பல கமராக்களில் வியூபைண்டர் திரையைப் பிரகாசமாக்கினார்கள். பிரகாசம் கூடியதற்கு விலை இருக்கிறது: அந்தத் திரைகள் எஃப் 2.8க்கு மேல் திறந்த லென்ஸின் மெல்லிய ஆழத்தை உள்ளபடி காட்டுவதில்லை. அதாவது நீங்கள் எஃப் 1.4இல் பார்க்கும்போது கண்ணுக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட எஃப் 2.8 அளவு கூர்மை. வியூபைண்டரில் இரண்டு கண்ணும் காதும் தெளிவாகத் தெரியும், பிலிமில் ஒரு கண் மட்டும் இருக்கும். எனவே பிரகாசமான திரையுள்ள கமராவில் எஃப் 1.4 என்றால் நடுவட்டத்தை நம்புங்கள், சுற்றியுள்ள மங்கல் பரப்பை அவ்வளவாக நம்ப வேண்டாம். பழைய, இருண்ட, சொரசொரப்பான திரை இந்த விடயத்தில் நேர்மையானது.

கண்ணைச் சோதித்தல்

லென்ஸைக் கழற்றிவிட்டு, அல்லது முழுவதும் போகஸ் கலைத்துவிட்டு, வெளிச்சமான சுவரைப் பாருங்கள். நடுவட்டத்தின் கோடு கீறினாற்போல் தெரிகிறதா? அது தெரியாவிட்டால் வேறு எந்த வித்தையும் உதவாது. பெரும்பாலான கமராக்கள், திரை உங்கள் கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு மீற்றர் தள்ளி இருப்பதுபோலத் தோன்றும்படி அமைக்கப்பட்டவை. ஒரு மீற்றரில் உள்ள எழுத்தை வாசிக்கக் கண்ணாடி தேவைப்படும் ஆள், கமராவுக்கும் அதே கண்ணாடியோடு வர வேண்டும். கண்ணாடி வைத்துப் பார்த்தால் வியூபைண்டரின் மூலைகள் தெரியாமல் போகும் என்பது உண்மை. மூலையைவிட நடுவட்டம் முக்கியம். பல கமராக்களின் கண்பகுதியில் மாட்டும் திருத்த லென்ஸ்கள் உண்டு, கிடைத்தால் வாங்கலாம்.

நாற்பதைத் தாண்டியவர்கள் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். வாசிக்கும் கண்ணாடி வேறு, தூரக் கண்ணாடி வேறு. கமராவுக்கு எது பொருந்தும் என்பதை அந்த வட்டக்கோடுதான் சொல்லும்.

கமராவைச் சோதித்தல்

எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்க்கும்) கமராவில் லென்ஸிலிருந்து உள்ளே சரிந்திருக்கும் கண்ணாடியில் பட்டுத் திரைக்குப் போகும் தூரமும், லென்ஸிலிருந்து பிலிமுக்குப் போகும் தூரமும் சமமாக இருக்க வேண்டும். எஃப் 1.4இல் பிலிமின் இரு பக்கமும் பொறுக்கக்கூடிய பிழை 0.04 மில்லிமீற்றர்தான். ஒரு தலைமயிர் அதைவிடத் தடிப்பு. திரை 0.1 மில்லிமீற்றர் விலகியிருந்தால், ஒரு மீற்றரில் இருக்கும் முகத்தில் அது மூன்றரைச் சென்ரிமீற்றர் பிழையாகப் பெருகிவிடும்.

விலகுவதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. கண்ணாடியைத் தாங்கும் நுரைப்பஞ்சு நாற்பது வருடத்தில் பசையாக உருகிப்போயிருக்கும். யாரோ தூசு துடைக்கத் திரையைக் கழற்றித் தலைகீழாக மாட்டியிருப்பார்கள், அல்லது அதன் கீழ் இருந்த மெல்லிய தகட்டைத் தொலைத்திருப்பார்கள்.

சோதிக்க ஒரு முக்காலி, கேபிள் ரிலீஸ், ஒரு பழைய வீரகேசரித் தாள் போதும். தாளைச் சுவரில் ஒட்ட வேண்டாம். மேசையில் ஒரு பலகையை 45 பாகை சரிவாக வைத்து, அதன்மேல் தாளை ஒட்டி, நடுவரி ஒன்றைக் கறுப்பு மார்க்கரால் அடிக்கோடிடுங்கள். கமராவை ஒரு மீற்றர் தள்ளி முக்காலியில் ஏற்றி, லென்ஸை முழுதாகத் திறந்து, அடிக்கோட்டின் ஒரு முனையை ஸ்பிளிட்டில் சேர்த்து அந்த வரியைப் போகஸ் பிடியுங்கள். கோடு கிடையாக ஓடினால் கமராவைச் சரித்துப் பிடிக்க வேண்டும் என்பது நினைவிருக்கட்டும்.

இனி வளையத்தைத் தொடாமல் கமராவின் பின்கதவைத் திறவுங்கள். உள்ளே பிலிம் இருக்கக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை. ஷட்டரை 'பி'யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்தே நிற்கும் நிலை) வைத்து, கேபிள் ரிலீஸால் திறந்து பூட்டுங்கள். பிலிம் ஓடும் உட்பக்கத் தண்டவாளங்களின்மேல், ஒரு பக்கம் சொரசொரப்பான சிறு கண்ணாடித் துண்டை, சொரசொரப்பு லென்ஸைப் பார்த்தபடி, படிய வையுங்கள். அது கிடைக்காவிட்டால் ட்ரேசிங் தாள் அல்லது மங்கலான செலோடேப்பை இழுத்து ஒட்டலாம். ஷட்டர் திரையில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறையை இருட்டாக்கி, தாளின்மேல் மட்டும் மேசை விளக்கைத் திருப்பிவிட்டால், கண்ணாடித் துண்டில் செய்தித்தாள் தலைகீழாகத் தெரியும். பெருக்குக் கண்ணாடியால் அதைப் பாருங்கள். வேறொரு 50 மில்லிமீற்றர் லென்ஸ் இருந்தால், அதைத் திருப்பிப் பிடித்தாலும் ஐந்து மடங்கு பெருக்கும். அடிக்கோடிட்ட வரி கூர்மையாக இருந்தால் கமரா நலம். அதற்குக் கீழ் வரியோ மேல் வரியோ கூர்மையாக இருந்தால், குறை உங்கள் கையில் இல்லை.

லென்ஸையும் ஒருதரம் பாருங்கள். ரோர்ச் வெளிச்சத்தை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கத்தால் பார்த்தால் பூஞ்சணமும் புகைமூட்டமும் தெரியும். நம்மூர் திருகோணமலையில் மாரி தொடங்கித் தை வரை ஈரம் சும்மா விடாது. மூட்டம் பிடித்த லென்ஸ் முழுதாகத் திறந்தால் விளிம்புகள் எல்லாம் பால்போல் கரையும், அதில் போகஸ் எங்கே சேர்கிறது என்று கண்ணால் தீர்மானிக்க முடியாது. மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பதைவிட மலிவான மருந்து இல்லை. வளையம் இறுகியிருந்தாலும், நிலாவெளி மணல் உள்ளே போய் நெறுநெறுத்தாலும் சுத்தம் செய்யக் கொடுங்கள். ஒரு மில்லிமீற்றர் திருப்ப நினைத்தால் மூன்று மில்லிமீற்றர் குதிக்கும் வளையத்தை வைத்துக்கொண்டு எஃப் 1.4இல் ஒன்றும் செய்ய முடியாது.

கையும் மூச்சும்

இடக்கை உள்ளங்கையில் லென்ஸின் பாரம், பெருவிரலும் சுட்டுவிரலும் வளையத்தில். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். கால் ஒன்று சற்று முன்னால்.

வளையத்தை எப்போதும் ஒரே பக்கமிருந்து கொண்டுவாருங்கள். தூரத்திலிருந்து கிட்டவோ, கிட்டவிருந்து தூரமோ, ஏதாவது ஒன்று. பழைய லென்ஸ்களின் மரைகளில் சிறு தளர்வு இருக்கும், ஒரே பக்கமிருந்து வந்தால் அந்தத் தளர்வு எப்போதும் ஒரே மாதிரி அடங்கும். மங்கல் திரையில் போகஸ் பிடிப்பவர், கூர்மையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து, மறுபடி சிறிதாகத் தாண்டித் திரும்பி நிறுத்துவார். அதை இரண்டு மூன்று முறைக்கு மேல் செய்யாதீர்கள். அதிக நேரம் உற்றுப் பார்த்தால் கண் தானாக ஈடுகட்டத் தொடங்கி, தப்பியிருப்பதையும் சரி என்று காட்டும்.

இதுவரை சொன்னது எல்லாம் 3 மீற்றருக்கு அப்பால் போதும். கிட்ட வந்ததும் முறையை மாற்ற வேண்டும். ஒரு மீற்றரில், வளையத்தால் ஏறக்குறையப் போகஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, விரலை நிறுத்துங்கள். பிறகு இடுப்புக்கு மேல் உடம்பை மிக மெதுவாக முன்னுக்கும் பின்னுக்கும் சரியுங்கள். ஸ்பிளிட் சேரும், விலகும், மறுபடி சேரும். சேரும் கணத்தில், உடம்பு அசைந்துகொண்டிருக்கும்போதே அழுத்துங்கள். நின்று நிதானித்து அழுத்த நினைத்தால் அந்தக் கணம் போய்விடும். மூச்சை வெளியே விட்டு முடியும் இடத்தில் உடம்பு தானாகச் சிறிது நேரம் அமைதியாக இருக்கும், அந்த இடத்தைப் பழகிக்கொள்ளுங்கள். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றால் நெஞ்சு துடிப்பது கமராவுக்கும் தெரியும்.

இதைப் பிலிம் போடாமலே பழகலாம். பழகுவதற்குக் கோட்டைக்குள் திரியும் மான்களைவிட நல்ல மாதிரி நம்மூரில் இல்லை. பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டி கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் புள்ளிமான்கள் ஆளுக்குப் பயப்படாமல் நிற்கும், அசைபோடும், தலையைத் திருப்பிப் பார்க்கும். கண் பெரியது, கரியது, அதில் வானத்தின் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளியை ஸ்பிளிட்டில் சேர்க்கப் பழகினால் மனிதக் கண் பிறகு சுகம். பிஸ்கட் நீட்டிக் கூப்பிட வேண்டாம், மூக்கு லென்ஸில் வந்து முட்டும், மானுக்கும் நல்லதல்ல. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, கமராவை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள்.

முகத்தில் எந்த இடம்

கமராவுக்குக் கிட்ட இருக்கும் கண். அதில் கருவிழிக்கும் வெள்ளைக்கும் இடையிலான விளிம்பு. இமைமயிர் கறுப்பாக எடுப்பாகத் தெரிந்தாலும் அது சற்று முன்னுக்கு நிற்கிறது.

வசதியான அடையாளங்கள்தான் இங்கே ஏமாற்றும். மூக்குக்கண்ணாடியின் சட்டம் ஸ்பிளிட்டில் கத்திபோல் உடைந்து சேரும், ஆனால் அது விழிக்கு ஒன்றரை இரண்டு சென்ரிமீற்றர் முன்னால். ஒரு மீற்றரில் எஃப் 1.4 உங்களுக்கு முன்பக்கம் ஒன்றரை, பின்பக்கம் ஒன்றரைதான் தருகிறது. சட்டத்தைப் பிடித்தால் விழி எல்லைக்கோட்டில் நிற்கும் அல்லது வெளியே போய்விடும். நெற்றிப் பொட்டும் அப்படித்தான். குங்குமப் பொட்டு இரண்டு அரைவட்டமாகப் பிரிந்து ஒரு வட்டமாகச் சேருவது பார்க்க அழகு, போகஸ் பிடிக்க அதைவிட இலகுவான இலக்கு முகத்தில் இல்லை. 2 மீற்றரில் அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், 13 சென்ரிமீற்றர் ஆழம் விழியையும் அணைத்துக்கொள்ளும். ஒரு மீற்றரில் வேண்டாம். மூக்குத்தியை எந்தத் தூரத்திலும் நம்பாதீர்கள்.

எதிரில் இருப்பவரும் ஆடுவார் என்பதை மறக்கக்கூடாது. கதிரையில் சாய்ந்திருக்கும் ஆள் நிற்கும் ஆளைவிடக் குறைவாக ஆடுவார். முதுகோ தோளோ சுவரில் பட்டிருந்தால் இன்னும் நல்லது. "அக்கா, அப்படியே சாஞ்சிருங்கோ, தலையை மட்டும் என்னைப் பார்த்துத் திருப்புங்கோ" என்றால் போதும், "அசையாதேங்கோ" என்று சொன்னால் முகம் விறைத்துவிடும். முகத்தை நேராகக் கமராவுக்குக் காட்டினால் இரண்டு கண்ணும் ஒரே தளத்தில் வரும். பக்கவாட்டாகத் திருப்பினால் ஒன்று போகும், அதை ஏற்றுக்கொண்டுதான் எடுக்க வேண்டும்.

இன்னும் நிச்சயம் வேண்டுமானால் ஒரு நூல். கமராவின் மேல்தட்டில் ஒரு வட்டத்தைக் கோடு வெட்டும் சிறு குறி இருக்கும், அது பிலிம் இருக்கும் தளம். லென்ஸில் எழுதியிருக்கும் தூரங்கள் அங்கிருந்துதான் அளக்கப்படுகின்றன. ஒரு மீற்றரில் முடிச்சுப் போட்ட பருத்தி நூலைக் குறியிலிருந்து கன்னத்தின் ஓரம் வரை பிடித்து, வளையத்தை ஒரு மீற்றரில் வைத்து, நூலை விட்டுவிட்டு எடுங்கள். ஒழுங்காகச் செய்தால் நடுங்கும் கையைவிட இது மேல். தங்கூசியில் முடிச்சுப் போடாதீர்கள், இழுத்தால் நீளும்.

நடுவில் பிடித்துவிட்டுக் கமராவைத் திருப்பும்போது

ஸ்பிளிட் வட்டம் நடுவில்தான் இருக்கிறது, முகமோ நடுவில் வேண்டாம். எனவே நடுவில் கண்ணைப் பிடித்துவிட்டுக் கமராவைத் திருப்புகிறோம். லென்ஸின் கூர்மைத் தளம் கமராவுக்கு நேரெதிரே சுவர்போல் நிற்கிறது. கமராவைத் திருப்பும்போது அந்தச் சுவரும் திரும்பிக் கண்ணுக்குப் பின்னால் போகிறது.

எவ்வளவு? 50 மில்லிமீற்றர் லென்ஸைச் செங்குத்தாகப் பிடித்து, கண் மேல் மூன்றிலொரு பங்குக் கோட்டில் வருமாறு திருப்பினால் ஏறக்குறைய 7 பாகை. ஒரு மீற்றரில் தளம் 7 மில்லிமீற்றர்தான் பின்னுக்குப் போகும், தாங்கும். கண் சட்டத்தின் மேல் விளிம்புக்குக் கிட்ட வேண்டுமென்று 13 அல்லது 14 பாகை திருப்பினால் கிட்டத்தட்ட 2.8 சென்ரிமீற்றர் பின்னுக்குப் போய்விடும். கண் மங்கி, பின்னால் காது தெளிவாக வரும் படங்களில் பல இப்படிப் பிறந்தவை.

வழிகள் மூன்று. திருப்பிய பிறகு உடம்பை அந்த அளவு பின்னுக்குச் சாய்ப்பது, பழகியவருக்கு இது வரும். சட்டத்தை முதலிலேயே அமைத்துக்கொண்டு, கண் விழும் இடத்தின் மங்கல் பரப்பிலேயே போகஸ் பிடிப்பது, செனித்காரருக்கு இது இயல்பாகவே வரும். மூன்றாவது, எஃப் 2.8க்கு மூடுவது. எனக்குப் பிடித்தது மூன்றாவது. 3 மீற்றருக்கு அப்பால் இந்தக் கணக்கு ஒன்றையும் யோசிக்க வேண்டாம்.

அசையும் ஆள்

கரைவலை இழுப்பவர்கள் கயிற்றோடு பின்னுக்கு நடந்து வருவார்கள். அவர்களைத் துரத்தித் துரத்தி வளையம் திருப்பினால் ஒரு பிரேமும் மிஞ்சாது. மணலில் ஒரு சிப்பியையோ கால்தடத்தையோ பார்த்து 3 மீற்றரில் போகஸை வைத்துவிட்டு, ஆள் அந்த இடத்துக்கு வரக் காத்திருங்கள். சாதாரண நடையில் ஒருவர் நொடிக்கு ஒரு மீற்றருக்குச் சற்று மேல் நகருவார், 30 சென்ரிமீற்றர் ஆழத்தைக் கால் நொடியில் கடந்துவிடுவார். விரல் அழுத்துவதற்கே ஏறக்குறைய அவ்வளவு நேரம் எடுக்கும். ஆகவே ஆள் குறியைத் தொடுவதற்கு ஒரு காலடி முன்னமே அழுத்த வேண்டும்.

அதைவிடச் சுலபம், பக்கவாட்டில் நிற்பது. உங்களைக் குறுக்கே கடந்து போகிறவரின் தூரம் அதிகம் மாறாது. காலை வெளிச்சம் ஏறிவிட்டால் எஃப் 8க்கு மூடி 3 மீற்றரில் வையுங்கள், 2.3 மீற்றரிலிருந்து 4.2 மீற்றர் வரை கூர்மை கிடைக்கும், போகஸை மறந்து ஆட்களைப் பார்க்கலாம்.

மத்தியானத்தில் முழுதாகத் திறக்க நினைப்பவர் வெளிச்சக் கணக்கில் தோற்பார். ஐஎஸ்ஓ 400 பிலிமில் நம்மூர் வெயிலுக்கு எஃப் 16, 1/500. ஷட்டர் 1/1000 வரைதான் போகும் என்றால் எஃப் 11க்கு மேல் திறக்க வழியில்லை. ஐஎஸ்ஓ 100 போட்டால் எஃப் 5.6. 1/4000 உள்ள எஃப்எம்2இல்கூட எஃப் 2.8தான். வேகமான லென்ஸ் அந்திக்கும் வீட்டுக்குள்ளுக்கும் உரியது.

இரவில்

மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கிவிட, டச் பே கடற்கரையில் கச்சான் விற்பவர்களின் விளக்குகள் எரியத் தொடங்கும். ஐஎஸ்ஓ 400, எஃப் 1.4, 1/60 கிடைத்தால் கையில் பிடித்து எடுக்கலாம். ஸ்பிளிட்டுக்கு வெளிச்சம் வேண்டும், விளிம்பு வேண்டும். இருட்டு முகத்தில் இரண்டும் இராது. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் இடத்தைத் தேடுங்கள்: விளக்கொளி படும் கன்னத்தின் ஓரம், சட்டைக் கொலரின் விளிம்பு, விழியில் தெரியும் விளக்கின் புள்ளி. ஒளிப்புள்ளிக்கு ஸ்பிளிட்கூடத் தேவையில்லை, அது மிகச் சிறிதாகும் இடமே போகஸ்.

விளக்கையே பிடித்தால், விளக்கிலிருந்து முகம் எவ்வளவு தள்ளி என்று மனதில் கணக்குப் போட வேண்டும். வண்டியின் முன்விளிம்பில் விளக்கு, பின்னால் ஆள் என்றால் அரை மீற்றர் போய்விடும்.

வட்டத்தின் ஒரு பாதி கறுத்துப்போனால் கண் நடுவில் இல்லை என்று பொருள், கண்ணைச் சற்று நகர்த்துங்கள். எஃப் 5.6 அளவே திறக்கும் ஸூம் லென்ஸில் எப்படி நகர்த்தினாலும் கறுக்கும். எஃப் 1.4க்கு அந்தத் தொல்லை இல்லை, வேகமான லென்ஸின் உண்மையான சுகங்களில் இது ஒன்று.

ரேஞ்ச்பைண்டர் வைத்திருப்பவருக்கு

யாஷிகா இலெக்ட்ரோ 35, கனனட் கியூஎல்17 போன்றவற்றில் லென்ஸ் எஃப் 1.7. வியூபைண்டரின் நடுவில் மஞ்சள் கட்டம், அதில் இரட்டைப் படம், இரண்டும் ஒன்றானால் போகஸ். இங்கே நீங்கள் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, ஆகவே இரட்டைப் படம் உண்மை சொல்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். கொட்டியாரக்குடாவில் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் வணிகக் கப்பலின் கம்பத்தைப் பாருங்கள். வளையம் இன்பினிட்டி (முடிவிலித் தூரம்) முனையில் முட்டி நிற்கும்போது கம்பம் ஒன்றாகத் தெரிய வேண்டும். இரண்டாகத் தெரிந்தால் திருத்த வேண்டும். மேலும் கீழுமாக விலகியிருந்தால் போகஸ் பெரிதாகக் கெடாது, பிடிக்கத்தான் கடினம்.

கட்டம் மங்கிப்போயிருந்தால், வியூபைண்டரின் முன்கண்ணாடியில் நடுவே மிகச் சிறிய கறுப்பு டேப் துண்டை ஒட்டிப் பாருங்கள். நேர்ப்படம் அவ்விடத்தில் மறைந்து, மற்றப் படம் எடுப்பாகத் தெரியும்.

பிலிமைப் படித்தல்

முதல் சோதனை ரோலில் செய்தித்தாள் சரிவை முக்காலியில் வைத்து மூன்று பிரேம் எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் வளையத்தைக் கலைத்து மறுபடி பிடித்து. பிறகு ஒரு மீற்றரில் ஒருவரின் முகத்தைக் கையில் பிடித்துச் சில பிரேம். ரோல் கழுவி வந்ததும் நெகற்றிவ்வைப் பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். செய்தித்தாளில் மூன்றிலும் ஒரே பக்கம், ஒரே அளவு தப்பியிருந்தால் கமராவில் பிழை. மூன்றும் மூன்று பக்கம் போனால் கண்ணில் அல்லது வளையத்தில். செய்தித்தாள் சரியாக இருந்து முகத்தில் மட்டும் போகஸ் சில வேளை முன்னும் சில வேளை பின்னும் போனால், உடம்பு. முகத்தில் போகஸ் எப்போதும் பின்னுக்கே போனால், பிடித்த பிறகு கமராவைத் திருப்பும் பழக்கம்.

கமராவில் பிழை என்று தெரிந்தால், திருத்துபவரிடம் "போகஸ் சரியில்லை" என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். பலர் இன்பினிட்டியை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று திருப்பித் தருவார்கள். லென்ஸ் இன்பினிட்டியில் சரியாக முட்டினாலும் திரை விலகியிருக்கலாம். அந்த நெகற்றிவ்வைக் கையில் கொடுத்து, முழுதாகத் திறந்து, ஒரு மீற்றரில், திரையும் பிலிம் தளமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.